கற்கூடத்தில் கை வைத்தவள்

அந்த அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளைப் பொம்மைக்காரி என்றுதான் சொன்னார்கள். பெயரை வைத்தவர் கல் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். பாறைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். கல் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பாளர். புதிதாக வேலைக்கு வந்தவளிடம், இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். தொலைக்காட்சிக்குக் கார்ட்டூன் செய்தேன், சிரிக்கிற பல் பிரஷ், கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிற குடை, அந்த மாதிரி என்றாள். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொம்மைக்காரம்மா" என்று தலையை ஆட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்தப் பெயர் எல்லா மாடிகளும் ஏறி இறங்கிவிட்டது.

அவளுக்கு அதில் வருத்தமில்லை. தன் பதவியின் உண்மையான பெயரை ஒரே மூச்சில் சொல்ல அவளுக்கே வராது. வருகிறவர்கள் வெறுமனே பார்த்துவிட்டுப் போகாமல் தொட்டு, திருப்பி, கேட்டு, தாங்களே ஏதாவது செய்து தெரிந்துகொள்ளும்படி காட்சிகளை அமைப்பது அவள் வேலை. திரை, ஒலி, வெளிச்சம், கம்ப்யூட்டர் எல்லாம் அதற்கான சாமான்கள். வீட்டில் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பக்கத்து வீட்டில் விசாரித்தவர்களிடம் அவள் மாமியார், "மருமக மியூசியத்துல படம் காட்டுறா" என்று சொல்லிவைத்திருந்தார். கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதிலிருந்த இன்னொரு அர்த்தம் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தேதான் சொன்னாரா என்று மகனுக்கே பிடிபடவில்லை.

முதன்முதலில் அவளிடம் ஒப்படைத்தது கற்கூடம். பறவைக் கூடத்துக்காரரும் நாணயக் கூடத்து அம்மாவும் தங்கள் இடத்தில் யாரையும் கை வைக்க விடவில்லை. கற்கூடத்தைப் பற்றித்தான் யாருக்கும் அக்கறையில்லை. நீளமான அறை. இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்குள் கற்கள், கற்களின் கீழே எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் விளக்க அட்டைகள். அறையின் மறுகோடியில் கழிப்பறை. ஆகவே கூட்டத்துக்குக் குறைவே கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் அவசரத்தில் வந்தவர்கள், அவ்வளவுதான். போகும்போது ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். திரும்பும்போது ஈரக் கையை உதறிக்கொண்டே வந்தார்கள். கல்லின் பக்கம் ஒருவர் முகமும் திரும்பவில்லை.

அருங்காட்சியகத்தின் டைரக்டர் ஒரு அம்மையார். அதிகம் பேசமாட்டார். அந்தக் கூடத்தில் நாலு பேரை நிற்க வைத்துக் காட்டு, மற்றதை அப்புறம் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

பொம்மைக்காரி வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். அவளுக்குக் கைவந்தது எதுவோ அதைச் செய்தாள். பெட்டிகளுக்கு நடுவே பெரிய தொடுதிரைகள் வந்தன. திரையில் கற்களுக்குக் கண்ணும் வாயும் முளைத்தன. கருங்கல் கட்டைக் குரலில் தன் கதையைச் சொன்னது. பளிங்குக்கல் கொஞ்சம் அலட்டிக்கொண்டது. கதை முடிந்ததும் கேள்விகள் வரும், சரியான விடையைத் தொட்டால் பச்சை விளக்கு எரியும். தன் கருங்கல்லுக்குப் புருவம் வரைந்திருப்பதைப் பார்த்த கல் டாக்டர் சில நாட்கள் அவளோடு பேசவே இல்லை. மற்றபடி எல்லோரும் ஓகோ என்றார்கள்.

ஒரு வாரம் போனது. அவள் ஒரு ஓரமாக நின்று கவனித்தாள். பிள்ளைகள் திரையை உள்ளங்கையால் படார் படாரென்று அடித்தார்கள். கேள்வியை யாரும் படிக்கவில்லை. பச்சை விளக்கு வரும்வரை எல்லா விடைகளையும் குத்தினார்கள். ஒரு சிறுமி அப்பாவிடம் இதில் வேறு கேம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டாள். திரைக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, நிஜக் கல் இருந்தது. அதை அந்த வாரம் முழுவதும் யாரும் ஏறிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

டைரக்டர் அம்மாவும் ஒருநாள் வந்து ஓரமாக நின்று பார்த்தார். பிறகு அவளைத் தனியாக அழைத்தார்.

"அழகாத்தான் இருக்கும்மா. ஆனா எங்க வீட்டு டிவியை இங்க கொண்டுவந்து வெச்ச மாதிரி இருக்கு. கல்லு எங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் சுருக்கென்றுதான் இருக்கும். டைரக்டர் அதோடு விடவில்லை. ஒரு கம்பெனிக்காரர்கள் கண்ணை மூடும் கருவி ஒன்றைக் கொண்டுவருகிறார்கள், தலையில் மாட்டிக்கொண்டால் எரிமலைக்குள்ளேயே நிற்பது போல இருக்குமாம், நிர்வாகக் குழுவில் பலருக்கு அதில் ஆசை, அடுத்த கூட்டத்தில் அவர்களும் காட்டட்டும், நீயும் புதிதாக ஏதாவது காட்டு, எது தேறுகிறதோ அது நிற்கும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் அவள் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தாள். அவள் கணவன் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவன். பகல் முழுவதும் பிறர் செய்யும் தப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவன் என்பதால் அவனுக்கு எதுவும் பெரிய அதிர்ச்சியாகத் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"ரோட்டுல யாருமே போர்டைப் பார்த்து ஓட்டறதில்ல. நான் முதல்ல போர்டைத்தான் சொல்லிக்குடுப்பேன், ஒண்ணும் ஏறாது. இப்பல்லாம் அவங்க கண்ணு தானா எங்க போகுதுன்னு பார்த்துக்கிட்டு, அங்கேருந்து ஆரம்பிக்கறேன்."

மறுநாள் திரைகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கூடத்து பெஞ்சில் ஒரு பார்வையாளரைப் போல அவள் உட்கார்ந்துகொண்டாள். ஜனங்களின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பது மட்டுமே வேலை.

கண் எங்கும் போகவில்லை. கைதான் போனது.

வாசல் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் பாறை நின்றது. பெட்டிக்குள் அடங்காத சைஸ் என்பதால் வெளியே வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே 'தொடாதீர்கள்' என்று பலகை. திரும்பிப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில் நடையைக் குறைத்தார்கள். காவலர் எங்கே பார்க்கிறார் என்று ஒரு கள்ளப் பார்வை. பிறகு உள்ளங்கையால் ஒரு தடவல். கோட்டு போட்ட ஒருவர் கதவைத் தட்டுவது போல விரல் முட்டியால் தட்டிவிட்டுத் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். ஒரு கர்ப்பிணிப் பெண் கன்னத்தையே வைத்துப் பார்த்தாள். வெயிலில் வந்தவளுக்குக் குளிர்ச்சி பிடித்திருந்தது போல. எல்லாவற்றுக்கும் மேலாக, மத்தியானம் அந்தப் பக்கமாக வந்த கல் டாக்டரே, போகிற போக்கில், வளர்த்த மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல அந்தப் பாறையைத் தட்டிவிட்டுப் போனார்.

பொம்மைக்காரிக்கு உட்கார்ந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளாகக் கல்லுக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருந்தது போதாதென்று தானும் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

சாயங்காலத்துக்குள் அவள் தலையில் முழு உருவமும் வந்துவிட்டது. கற்களை வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஒருவர் கல்லின்மேல் கையை வைத்தால் அதன் பின்னால் உள்ள சுவர் உயிர் பெறும். அந்தக் கல்லை வெட்டி எடுத்த மலை தெரியும். கையை எடுக்காமல் வைத்திருந்தால் காலம் பின்னால் போகும். மலை வளர்வதற்கு முந்தைய காடு, காட்டுக்கு முந்தைய கடல், கடலுக்கு முந்தைய நெருப்பு. கையை எடுத்தால் எல்லாம் மெதுவாக இன்றைக்குத் திரும்பிவிடும். படிக்க ஒரு எழுத்து இல்லை, அமுக்க ஒரு பொத்தான் இல்லை. பொறுமைதான் பொத்தான்.

கல் டாக்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் குதித்தார். கை வேர்வையில் உப்பு இருக்கிறது, எண்ணெய்ப் பசை இருக்கிறது, ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது, ஊரே தொட்டால் கல்லும் கரையும், இது கண்காட்சிப் பொருள், சந்தைக் காய்கறி இல்லை என்று பொரிந்து தள்ளினார். நீங்களே மத்தியானம் தொட்டீர்களே என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனால் வேறொன்று கேட்டாள்.

"எந்தக் கல்லு தாங்கும், எது தாங்காதுன்னு நீங்கதான் சார் சொல்லணும். தாங்காததை நான் தொடவே மாட்டேன்."

அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அவரே வந்து அவளைக் கீழ்த்தளக் கிடங்குக்கு அழைத்துப் போனார். காட்சிக்கு வைக்க இடமில்லாமல் மரப்பெட்டிகளில் உறங்கிக்கொண்டிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றைத் தூக்கும்போதும் அவர் குரல் மாறியது. அதட்டல் போய், பிள்ளை பெயரைச் சொல்லுகிறவர் போல ஆகிவிட்டார். எரிமலைக் கல், கருங்கல், மணற்கல், சுண்ணாம்புக்கல், பளிங்குக்கல் என்று ஐந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மணற்கல் மட்டும் சீக்கிரம் தேயும், அதற்கு மாற்றுக் கல்லைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். வாசல் பாறையைத் தொட அனுமதி கொடுத்ததும் அவர்தான். பலகையைத் தானே கழற்றிக்கொண்டு போனார்.

மின்சாரச் சங்கதிகளுக்கு அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். எப்போதும் கையில் பற்றவைக்கும் சூடான கம்பியோடு திரிவதால் அவருக்குச் சூட்டுக்கோல் என்று பெயர். ஒவ்வொரு கல்லின் இடுப்பிலும் மெல்லிய செம்புப் பட்டை ஒன்றைச் சுற்றினார். கல்லில் கை வைத்தால் மணிக்கட்டாவது விரலாவது அதில் பட்டே தீரும். பட்டதும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். கல்லுக்கு ஒட்டியாணமா என்று கல் டாக்டர் கேட்டார். கேட்டாரே ஒழிய, பட்டை கோணலாக இருந்த இடத்தை அவரே நேராக்கினார்.

பாதி தயாரானதும் பலரை அழைத்துவந்து தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அந்த வரிசையில் வந்தவர், பார்வையில்லாதவர்களுக்கான பள்ளியின் இசை ஆசிரியர். அவருக்கும் பார்வை கிடையாது. அவர் சுண்ணாம்புக்கல்லில் கை வைத்தார். சுவரில் கடல் விரிந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆகா என்றார்கள். ஆசிரியர் கையை எடுக்காமல் சிரித்தார்.

"எல்லாரும் ஆகா சொல்றீங்க. எதுக்குன்னு எனக்கும் சொன்னா, நானும் ஒரு ஆகா சொல்லிடுவேன்."

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், உட்காருங்கள், எனக்குக் கடல் வேண்டும், அதற்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம் என்றார் அவர். அந்த மத்தியானம் முழுவதும் இரண்டு பேரும் பேசினார்கள். கடல் என்பது ஒரு சத்தம் மட்டுமல்ல. அருகில் ஒரு சத்தம், தூரத்தில் ஒரு சத்தம், காலடியில் மணல் இழுபடுவது ஒரு சத்தம். எரிமலை காதுக்கு வருவதற்கு முன் பாதத்துக்கு வரும். இதெல்லாம் அவர் சொன்னது. சொன்னதோடு நிற்காமல், எந்தச் சத்தத்தை எந்தப் பக்கத்திலிருந்து விட வேண்டும் என்று அவரே கூடத்துக்குள் நடந்து நடந்து குறித்துக் கொடுத்தார். கற்களின் முன்னால் மரத் தளம் போட்டு, அதன் அடியில் அதிர்வு தரும் கருவிகளைப் பொருத்தினார்கள். அடுத்த முறை அவர் எரிமலைக் கல்லில் கை வைத்து நின்றார். தளம் மெதுவாக உறுமத் தொடங்கி, கால் வழியாக ஏறி, மார்புக் கூட்டில் வந்து நின்றது. அவர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு ஆகா என்று, சுருதி சேர்த்துச் சொல்வது போல, நிதானமாகச் சொன்னார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கோளாறு வந்தது. சூட்டுக்கோல் எரிமலைக் கல்லின் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். பொம்மைக்காரி பக்கத்திலிருந்த சுண்ணாம்புக்கல்லில் சாய்ந்தபடி அவரிடம் திருப்புளியை நீட்டினாள். இருவர் விரலும் பட்டன. பட்ட நொடியில் அந்தச் சுவரின் நெருப்பு இந்தச் சுவரின் கடலுக்குள் இறங்கியது. நீராவி எழுந்தது. இரண்டு சுவரும் ஒரே சுவராயின. கையை விட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி தொட்டுப் பார்த்தார்கள். மறுபடி நெருப்பு இறங்கியது.

"லீக் ஆகுது மேடம். ஆளு வழியா ஒண்ணு இன்னொண்ணுக்குப் போயிடுது. ஆபத்தெல்லாம் இல்ல. நான் சரி பண்ணிடறேன்."

"சரி பண்ணாதீங்க," என்றாள் அவள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

நேராகக் கல் டாக்டரிடம் ஓடினாள். இந்த இரண்டு கல்லுக்கும் நடுவே நிஜமாகவே ஏதாவது உறவு உண்டா என்று மூச்சிரைக்கக் கேட்டாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டுக்கு மட்டுமா? அஞ்சும் சொந்தக்காரங்கம்மா. கருங்கல்லு உதிர்ந்தா மணலு. மணலு இறுகினா மணற்கல். அதே கடலடியில சிப்பியெல்லாம் படிஞ்சு சுண்ணாம்புக்கல், அது பூமிக்குள்ள போய் வெந்தா பளிங்கு. இன்னும் ஆழத்துக்குப் போற பாறையெல்லாம் உருகிக் குழம்பாகும், மேல வந்தா எரிமலைக் கல், உள்ளயே ஆறினா கருங்கல். சுத்திச் சுத்தி ஒரே குடும்பம். நான் எத்தனை வருஷமா அட்டையில எழுதி வெச்சிருக்கேன். ஒருத்தர் படிக்கல."

"இனிமே படிக்க வேண்டாம் சார்," என்றாள். "கையைக் கோத்துக்கிட்டா போதும்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவர், கூடம்வரை அவளுக்கு முன்னால் நடந்தார்.

கற்களைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு ஆள் கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. இரண்டு மூன்று பேர் கைகோத்து நின்றால்தான் எட்டும். ஐந்து கல்லையும் மனிதச் சங்கிலி சேர்த்துவிட்டால் கூடம் முழுவதும் ஒரே கதையாக ஓடும். சொல்வதற்குச் சுலபம். சோதனையில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அலுவலக ஆட்கள் வரிசையாகக் கைகோத்து நின்றார்கள். சுவர் சும்மா இருந்தது. ஏசி அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து எல்லோர் கையும் காய்ந்து கிடந்தது. அப்போது கழிப்பறையிலிருந்து கையை உதறிக்கொண்டு வந்த ஒரு பெரியவர், இது என்ன விளையாட்டு என்று கேட்டுக்கொண்டே நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் கையைப் பிடித்தார். அவர் இருந்த பக்கம் மட்டும் சுவர் பளிச்சென்று எரிந்தது. சூட்டுக்கோல் தலையில் அடித்துக்கொண்டு, காய்ந்த கையும் கேட்கிற அளவுக்குப் பட்டையின் கூர்மையை ஏற்றினார். அதன்பிறகு சங்கிலி ஒருமுறையும் ஏமாற்றவில்லை.

நிர்வாகக் குழு கூடிய நாள் வந்தது. முதலில் கம்பெனிக்காரர்கள். அவர்கள் கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தலையில் மாட்டிக்கொண்டு எரிமலைக்குள் போய் வந்தார்கள். ஒருவர் போய்க்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் குறை.

பிறகு பொம்மைக்காரி எல்லோரையும் கற்கூடத்துக்கு அழைத்துப் போனாள். முன்னுரை எதுவும் சொல்லவில்லை. ஆளுக்கொரு கல்லில் கை வைக்கச் சொன்னாள். காடும் கடலும் வந்துபோயின. நன்றாக இருக்கிறது என்றார்கள், மரியாதைக்குச் சொல்வது போல. அடுத்து, எல்லோரும் கைகோத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அங்கேதான் சிக்கல். குழுவில் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவரும் கட்டட முதலாளி ஒருவரும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் வெகுகாலமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. எதனால் என்பது மற்றவர்களுக்கு மறந்துபோயிருந்தது. அவர்களுக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம். வரிசை அமைந்தபோது இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த ஒரு சாணால் கூடம் முழுவதும் இருட்டாக இருந்தது. டைரக்டர் அம்மா எங்கோ பார்த்தார். கடைசியில் முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கல்லுக்காகத்தான்" என்று கையை நீட்டினார். முதலாளி பிடித்துக்கொண்டார்.

அப்போதும் சுவர் எரியவில்லை; பளிங்கை எட்ட இன்னும் ஒரு ஆள் குறைந்தது. கதவருகே நின்றிருந்த கம்பெனிக்காரர் தன் கருவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே வந்து கடைசி இடத்தில் நின்று பளிங்கைத் தொட்டார்.

தளம் உறுமியது. கூடத்தின் ஒரு முனையில் நெருப்பு புறப்பட்டது. ஆறிக் கல்லானது, மழை வந்து கல்லைக் கரைத்தது, மணல் அவர்கள் காலடியில் ஓடிக் கடலில் சேர்ந்தது, சிப்பிகள் பனி போல இறங்கிப் படிந்தன, கடல் மலையாக மடிந்து எழுந்தது, மலை உள்ளே இறங்கி வெந்து, உருகி, மறுபடி முதல் சுவரில் நெருப்பாகக் கொப்பளித்தது. ஒரு சுற்று. ஒருவரும் கையை விடவில்லை. இரண்டாவது சுற்று ஓடியது. மூன்றாவது சுற்றில் கட்டட முதலாளி, தான் கட்டுவதற்கெல்லாம் வாங்குகிற மணல் இப்படித்தான் வந்ததா என்று முதல்வரிடம் கேட்டார். முதல்வர் பதில் சொன்னார். குழு அன்று ஓட்டெடுப்பு நடத்தவில்லை. தேவைப்படவில்லை.

திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் யாரையும் அழைக்க வேண்டாம் என்று டைரக்டர் முடிவு செய்தார். முதலில் வந்து கல்லைத் தொடுகிறவர்தான் விருந்தினர். கதவு திறந்ததும் கூட்டம் நெருக்கியடித்தது. இசை ஆசிரியர் தன் மாணவர்கள் எல்லோரையும் கூட்டிவந்து எரிமலைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் கணவன் தன்னிடம் வண்டி கற்றுக்கொள்ளும் ஆட்களோடு வந்திருந்தான். மாமியார் பக்கத்து வீட்டுப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து, ஒன்றும் தெரியாமல் கல் டாக்டருக்கு அடுத்து நின்றுவிட்டார். கையைக் கொடுங்கம்மா என்று அவர் கேட்டார். மாமியார் தயங்கி, மருமகளைத் திரும்பிப் பார்த்து, பிறகு கொடுத்தார்.

முன்பின் தெரியாத ஜனங்கள் ஒருவரையொருவர், இங்கே ஒரு ஆள் வேண்டும், அந்தப் பையைக் கீழே வையுங்கள், உங்கள் கையைக் கொடுங்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். சங்கிலி சேர்ந்தது. நெருப்பு புறப்பட்டுக் கூடத்தைச் சுற்றி வந்தது. சுற்று முடிந்து மறுபடி நெருப்பு மூண்டதும், கூடமே அதிர்கிற மாதிரிக் கைதட்ட எல்லோருக்கும் தோன்றியது. கை தட்டினால் சங்கிலி அறுந்துவிடும். அதனால் கையை விடாமல், காலால் மரத் தளத்தைத் தட்டினார்கள். சின்னதாகத் தொடங்கியது, மழை போலப் பெருகியது. தளத்தின் உறுமலும் ஜனங்களின் உறுமலும் ஒன்றானதில், பொம்மைக்காரிக்குச் சுவரில் ஓடுவது எதுவும் தெரியவில்லை. கண் நிறைந்து போயிருந்தது.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, உங்கள் மருமகள் நன்றாகத்தான் படம் காட்டுகிறாள் என்று சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை.

"படம் சுவத்துலதான் ஓடிச்சு. இத்தனை பேரைக் கைகோத்து நிக்க வெச்சது என் மருமக," என்றார்.

அந்தக் கூடத்தில் இப்போது நிற்க இடம் கிடைப்பதே கஷ்டம். பள்ளிக்கூடங்கள் முன்கூட்டியே சொல்லிவைத்துக்கொண்டு வருகின்றன. கல்லைப் பற்றி ஒரு வார்த்தை படிக்காமல் உள்ளே போகிற பிள்ளைகள் வெளியே வரும்போது, மணற்கல்லுக்குக் கருங்கல் என்ன உறவு என்று சண்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள்; கல் டாக்டர் நடுவராக நின்று தீர்ப்புச் சொல்கிறார். வெளியூர் அருங்காட்சியகங்களிலிருந்து வருகிறவர்களுக்கும் அவர்தான் கூடத்தைச் சுற்றிக் காட்டுகிறார். சுற்றிக் காட்டி முடித்ததும், இதைச் செய்தது எங்கள் பொம்மைக்காரம்மா என்று, பட்டத்தைச் சொல்வது போல நிறுத்திச் சொல்கிறார்.

டைரக்டர் அவளுக்குத் தனிப் பிரிவே தொடங்கிக் கொடுத்துவிட்டார். சூட்டுக்கோல் அதில் முதல் ஆள். இசை ஆசிரியர் வாரத்தில் ஒருநாள் வந்து போகிறார். பிரிவு திறந்த அன்று காலை அவள் வந்தபோது அறைக்கு வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். பறவைக் கூடத்துக்காரர் கையில் ஒரு காய்ந்த குருவிக் கூடு; நாணயக் கூடத்து அம்மாவின் கையில் வெல்வெட் துணி சுற்றிய தட்டு. யார் முதலில் வந்தது என்று அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரே குரலில், எங்கள் கூடத்துக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள்.

அவள் பையை மேஜையில் வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கிறதா என்று இருவரிடமும் கேட்டாள். இருக்கிறது என்றார்கள். சரி, குருவிக் கூட்டிலிருந்து ஆரம்பிப்போம், நாணயத்துக்காரம்மாவும் கூட வாங்க என்று சொல்லி, இருவருக்கும் முன்னால் படியேறிப் போனாள்.